நெட்வொர்க் லைப்ரரியின் கமெண்டுகளில் எழுத்துப்பிழை திருத்துவது எப்படி? புதிதாகப் பங்களிக்க வருபவர்களுக்கு

பல வருடங்களாகப் பல பேர் கைவைத்து வளர்ந்த ஒரு நெட்வொர்க் லைப்ரரியின் சோர்ஸைத் திறந்து நிதானமாகப் படித்தால், கமெண்டுகளில் எழுத்துப்பிழை எங்கேயாவது கண்ணில் படாமல் போகாது. ரிசீவ் என்ற சொல்லில் ஈ-யும் ஐ-யும் இடம் மாறியிருக்கும், லெங்த்தின் கடைசி இரண்டு எழுத்துகள் முன்பின்னாக இருக்கும், அட்ரஸில் ஒரு டி விட்டுப்போயிருக்கும், செப்பரேட்டின் நடுவில் ஏ வரவேண்டிய இடத்தில் ஈ உட்கார்ந்திருக்கும். இவற்றைத் திருத்தி அனுப்புவது ஓப்பன் சோர்ஸுக்குள் நுழைய நல்ல வழி என்று உண்மையாகவே நம்புகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, திருத்துகிற வரியை நீங்கள் படித்துப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். பிழை தேடும் டூல் ஒன்றை ஓட்டி, அது சொன்னதையெல்லாம் மாற்றி, அப்படியே அனுப்பிவிட்டால் சரிபார்க்கிற வேலை முழுவதும் திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் தலையில் போய் விழும். அப்படி விழாமல் செய்வது எப்படி என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எந்த லைப்ரரியை எடுப்பது

நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்துகிற ஒன்றை எடுங்கள். பைத்தான் எழுதுபவர் என்றால் யுஆர்எல்லிப்3 அல்லது ட்விஸ்டட், சி எழுதுபவர் என்றால் லிப்கர்ல் அல்லது லிப்இவென்ட், ஜாவாவில் நெட்டி அல்லது ஓகேஎச்டிடிபி, சி++ என்றால் பூஸ்ட் ஏசியோ. நோட் ஜேஎஸ் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அதன் அடியில் இருக்கும் லிப்யுவி. பழகிய லைப்ரரியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், ஒரு ஃபங்ஷன் என்ன செய்யும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் அதற்கு மேலே எழுதியிருக்கும் கமெண்ட் என்ன சொல்ல வருகிறது என்பதும் புரியும். புரியாத கமெண்டில் எழுத்துப்பிழை திருத்தப் போனால், தப்பான ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொரு தப்பான சொல்லைப் போட்டுவிட வாய்ப்பு அதிகம்.

எடுத்த பிறகு முதல் வேலையாக அதன் ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் வைத்திருக்கும் இடம்) இருக்கும் கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலைப் படியுங்கள். சின்னத் திருத்தங்களை எப்படி அனுப்பச் சொல்கிறார்கள், கமிட் மெசேஜ் (மாற்றத்தோடு பதிவாகும் குறிப்பு) எந்த வடிவில் வேண்டும், மாற்றத்தைக் கொடுக்க உரிமை உண்டு என்று உறுதி சொல்லும் சைன்ட் ஆஃப் பை வரி வேண்டுமா, இல்லை தனியாக ஏதாவது ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டுமா, இதெல்லாம் அங்கே இருக்கும். அதைவிட அதிகம் சொல்லிக்கொடுப்பது பழைய வரலாறு. கிட் லாக் கட்டளையில் கிரெப் ஆப்ஷனைப் போட்டு டைப்போ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இதற்கு முன்னால் யாராவது இப்படி அனுப்பியிருக்கிறார்களா, எத்தனை ஃபைல் தொட்டார்கள், தலைப்பு எப்படி வைத்தார்கள் என்பது வரிசையாக வரும். அந்த வழக்கத்தையே நீங்களும் பின்பற்றுங்கள்.

எல்லாத் திட்டமும் இந்த மாதிரித் திருத்தங்களை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. லினக்ஸ் கெர்னலின் நெட்வொர்க்கிங் பிரிவு தன் வழிகாட்டியில், வேறு வேலையோடு சேராத வெறும் சுத்தப்படுத்தும் பேட்ச்களை (அனுப்பப்படும் மாற்றங்களை) ஊக்குவிப்பதில்லை என்று சொல்லிவிட்டு, எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைத் திருத்தங்களுக்கு அந்தத் தடை இல்லை என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மாறாகச் சில இடங்களில் தயக்கம் இருக்கும், அதற்கும் நியாயம் உண்டு. 2020 அக்டோபரில் ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிப்பவர்களுக்கு டி-ஷர்ட் கொடுத்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, அதற்காகவே அர்த்தமில்லாத புல் ரிக்வெஸ்ட்கள் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் வேண்டுகோள்கள்) பல ரெப்போக்களில் வந்து குவிந்தன, அதன் பிறகு விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி விதியையே மாற்ற வேண்டிவந்தது. அதைப் பார்த்த ஒரு மெயின்டெய்னர் உங்கள் திருத்தத்தைச் சந்தேகத்தோடு திறந்தால் அதைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்திருப்பது கவனமான வேலை என்பது டிஃப்பை, அதாவது என்னென்ன மாறியது என்ற பட்டியலைப் பார்த்ததுமே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தயார் செய்துகொள்வது

இது எல்லா இடத்திலும் ஒன்றுதான். உங்கள் கணக்கில் ரெப்போவை ஃபோர்க் செய்து (உங்களுக்கென ஒரு நகல் எடுத்து), அதை உங்கள் கணினிக்கு குளோன் செய்து (இறக்கி), முதன்மை பிராஞ்சிலிருந்து (கிளையிலிருந்து) இந்த வேலைக்கென்று புதிதாக ஒரு பிராஞ்ச் போடுங்கள். முதன்மை பிராஞ்சிலேயே கமிட் செய்யாதீர்கள், பிறகு மூல ரெப்போவோடு ஒத்திசைக்கும்போது தொல்லை.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு முறை பில்ட் செய்து டெஸ்ட்களை ஓட்டிவிடுங்கள். கமெண்டைத்தானே மாற்றப் போகிறோம், இது எதற்கு என்று தோன்றும். நெட்வொர்க் லைப்ரரிகளின் டெஸ்ட்களில் சில போர்ட் கிடைக்காமலோ டைம்அவுட் ஆகியோ ஐபிவி6 இல்லாத கணினியிலோ தோற்றுப்போகும். உங்கள் மாற்றத்துக்கு முன்பே எவை தோற்றன என்று தெரிந்திருந்தால்தான், பிறகு தோற்பது உங்களால் வந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

பிழைகளைத் தேடுவது

கோட்ஸ்பெல் என்று பைத்தானில் எழுதிய ஒரு டூல் இருக்கிறது, இந்த வேலைக்குப் பலரும் அதைத்தான் எடுப்பார்கள். சாதாரண ஸ்பெல் செக்கர் அகராதியில் இல்லாத சொல்லையெல்லாம் பிழை என்று காட்டும், சோர்ஸ் கோடில் பாதிச் சொற்கள் அகராதியில் இருக்காது என்பதால் அது அங்கே உதவாது. கோட்ஸ்பெல் தலைகீழாக வேலை செய்கிறது, மக்கள் வழக்கமாகத் தப்பாக எழுதும் வடிவங்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்க்கிறது. ரஸ்ட்டில் எழுதிய டைப்போஸ் என்ற டூலும் இருக்கிறது, அது வேரியபிள் பெயர்களைத் துண்டு துண்டாகப் பிரித்து உள்ளே இருக்கும் சொற்களையும் பார்க்கும். லினக்ஸ் கெர்னல் தனக்கென ஒரு பிழைப் பட்டியலை ஸ்பெல்லிங் என்ற பெயரில் தன் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரிலேயே வைத்திருக்கிறது, பேட்ச்களைச் சரிபார்க்கும் அதன் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலைப் பயன்படுத்துகிறது. விம் எடிட்டரில் ஸ்பெல் வசதியை இயக்கினால், சின்டாக்ஸ் நிறம் இயங்கும் பெரும்பாலான மொழிகளில் கமெண்டுக்குள்ளும் சரத்துக்குள்ளும் மட்டும் பார்க்கும், அதுவும் வசதிதான்.

எந்த டூலாக இருந்தாலும் முதலில் வெறுமனே பட்டியல் காட்டச் சொல்லுங்கள். ஃபைலில் நேரடியாக எழுதிவிடும் ஆப்ஷன் இருக்கும், அதைத் தொடாதீர்கள். முழு ரெப்போவிலும் ஓட்டாமல் ஒரு ஃபோல்டரை மட்டும் கொடுத்து ஓட்டினால் வரும் பட்டியலை உட்கார்ந்து படிக்க முடியும். திட்டத்திலேயே கோட்ஸ்பெல்லுக்கோ டைப்போஸுக்கோ கான்ஃபிக் ஃபைல் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் எந்தச் சொற்களை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

பட்டியலில் பொய்யான பிழைகள் நிறைய வரும், நெட்வொர்க் கோடில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். டி, ஈ என்ற இரண்டு எழுத்தைப் பார்த்ததும் ஒரு டூல் அதை ஆங்கிலத்தின் 'தி' சொல்லில் எச் விட்டுப்போனது என்று நினைக்கும், ஆனால் எச்டிடிபியில் அப்படி ஒரு ஹெடரே இருக்கிறது. என், டி என்று இருந்தால் 'அண்ட்' என்று மாற்றச் சொல்லும், அதுவோ ஐபிவி6-இன் நெய்பர் டிஸ்கவரியின் சுருக்கமாக இருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, டூலுக்குத் தெரியாத பிழைகள்தான் உண்மையில் முக்கியமானவை. தப்பாக எழுதிய சொல்லும் ஒரு சரியான ஆங்கிலச் சொல்லாகவே அமைந்துவிட்டால் டூல் சாதாரணமாக அதைத் தாண்டிப் போய்விடும். சர்வர் என்பதில் நடுவில் ஒரு ஆர் விட்டுப்போனால் துண்டிப்பது என்று பொருள்படும் வேறு சொல் கிடைக்கும். ஸ்ட்ரீம் என்பதில் ஆர் விட்டுப்போனால் நீராவி. லூஸ் என்று இழப்பதற்கு எழுதுவதும் தளர்வாக இருப்பதற்கு எழுதுவதும் ஒரு ஓ-தான் வித்தியாசம், பாக்கெட் இழப்பைப் பற்றிய கமெண்டுகளில் இது அடிக்கடி தடுமாறும். எல்லாவற்றிலும் ஆபத்தானது 'நாட்' என்பதும் 'நவ்' என்பதும் மாறிப்போவது, கடைசி எழுத்து ஒன்றுதான் வேறு. சாக்கெட் இப்போது மூடப்பட்டுவிட்டது என்று எழுத நினைத்தவர் சாக்கெட் மூடப்படவில்லை என்று எழுதியிருப்பார், அதை நம்பி அடுத்தவர் அதே சாக்கெட்டை இன்னொரு முறை மூடப்போவார். இப்படி ஒன்றைக் கண்டுபிடித்துத் திருத்தினால் அது டூல் காட்டிய ஐம்பது திருத்தங்களைவிடப் பெரிய உதவி. இதற்குக் கண்ணால் படிப்பதுதான் வழி. ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு கமெண்டுகளை மட்டும் வரிசையாக, கதை படிப்பது போலப் படித்துப் பாருங்கள். ஒரே சொல் வரியின் முடிவிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் இரண்டு முறை வருவது மாதிரியான பிழைகளும் அப்படித்தான் மாட்டும்.

பிழையே இல்லாததைத் திருத்தாமல் இருப்பதும் இதில் சேரும். பிஹேவியர், கேன்சல்டு போன்ற சொற்களை பிரிட்டிஷ் முறையிலும் அமெரிக்க முறையிலும் எழுதலாம், இரண்டும் சரி. அக்னாலெட்ஜ்மென்ட் என்பதில் ஜி-க்குப் பிறகு ஈ போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். 1981-இல் வந்த டிசிபியின் ஆவணமான ஆர்எஃப்சி 793 (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசை) போடாமல்தான் எழுதியிருக்கிறது. திட்டத்துக்கென்று ஒரு விதி இருந்தால் தவிர இவற்றைத் தொட வேண்டாம்.

தொடக்கூடாத இடங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள், புதியவர்களின் திருத்தம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான்.

எச்டிடிபியில் ரெஃபரர் என்று ஒரு ஹெடர் இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சர்வருக்குச் சொல்வது. ஆங்கில வழக்கப்படி அந்தச் சொல்லின் நடுவில் இரண்டு ஆர் வர வேண்டும், ஆனால் ஹெடரின் பெயரில் ஒன்றுதான் இருக்கிறது. அது முன்மொழியப்பட்ட காலத்திலேயே நுழைந்த பிழை, 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1945-இலும் அப்படியே பதிவாகி, உலகம் முழுக்க பிரவுசர்களும் சர்வர்களும் அப்படியே எழுதப்பட்டுவிட்டன. இனி மாற்ற முடியாது, அந்தப் பிழைதான் இப்போது சரியான எழுத்து. பின்னால் வந்த ரெஃபரர் பாலிசி என்ற ஹெடரில் இரண்டு ஆர் சரியாக இருக்கிறது. ஆகவே ஒரே ஃபைலில் இரண்டு விதமாகவும் வரும், இரண்டும் சரியாகவே இருக்கும். கமெண்டில் இந்தச் சொல் வந்தால் எழுதியவர் ஹெடரின் பெயரைச் சொல்கிறாரா, இல்லை பொதுவான சொல்லாகப் பயன்படுத்துகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். யூனிக்ஸின் கிரியேட் என்ற சிஸ்டம் காலுக்கு (ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் வேலை கேட்கும் அழைப்பு) கடைசி ஈ இல்லாததும் இதே வகை.

பொதுவாக, வெளியே தெரிகிற எந்தப் பெயரும் கமெண்ட் திருத்தத்தின் எல்லைக்குள் வராது. ஃபங்ஷன் பெயர், ஸ்ட்ரக்ட்டின் உறுப்பு, எரர் கோடின் பெயர், கான்ஃபிக் சாவி எதுவாக இருந்தாலும் அதில் எழுத்துப்பிழை இருப்பது உங்களுக்குத் தெரிந்தாலும், அதை நம்பி எழுதப்பட்ட கோட் வெளியே இருக்கிறது. கமெண்டில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டிருந்தால் கமெண்டிலும் அதே பிழையோடுதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது. லாக் செய்திகளும் எரர் செய்திகளும் கமெண்ட் இல்லை. அந்தச் சரத்தை அப்படியே தேடுகிற ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கும், டெஸ்ட்டிலும் அதே சரத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கலாம். அவற்றையும் திருத்த விரும்பினால் தனி கமிட்டாக, அல்லது தனி புல் ரிக்வெஸ்ட்டாகவே அனுப்புங்கள்.

டெஸ்ட் ஃபோல்டரில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஹெடரின் பெயரைத் தப்பாகக் கொடுத்தால் பார்சர் என்ன செய்கிறது என்று பார்க்கவே சில டெஸ்ட்கள் எழுதப்பட்டிருக்கும், அந்தத் தப்பு வேண்டுமென்றே வைத்தது. இன்னொன்று, எச்டிடிபி பதில் ஒன்றை மாதிரியாக எழுதி அதன் கான்டென்ட் லெங்த்தில் பைட் எண்ணிக்கையைக் கையால் போட்டு வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் வாக்கியத்தில் விட்டுப்போன ஒரு எழுத்தை நீங்கள் நல்ல எண்ணத்தோடு சேர்த்தால் எண்ணிக்கை ஒன்று தவறி டெஸ்ட் விழுந்துவிடும்.

வேறு திட்டத்திலிருந்து கொண்டுவந்து உள்ளே வைத்த கோடையும் விட்டுவிடுங்கள். தேர்ட் பார்ட்டி, வெண்டர், டெப்ஸ் என்ற மாதிரிப் பெயருள்ள ஃபோல்டர்களில் அது இருக்கும். இங்கே திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழையபடி பிழை திரும்ப வந்துவிடும், திருத்த வேண்டிய இடம் அதன் மூலத் திட்டம். டூல் உருவாக்கிய ஃபைல்களும் அப்படித்தான். நோட் ஜேஎஸ் பயன்படுத்தும் எல்எல்எச்டிடிபி பார்சரின் சி கோட் டைப்ஸ்கிரிப்டில் எழுதிய விவரணையிலிருந்து உருவாக்கப்படுகிறது. கோ மொழியில் இப்படி உருவான ஃபைலின் மேலே இதைத் திருத்தாதே என்று பெரிய எழுத்தில் ஒரு வரியே இருக்கும். லைசன்ஸ் உரையும், பழைய சேஞ்ச்லாக் பதிவுகளும், நன்றி சொல்லும் பட்டியலில் உள்ள மனிதர்களின் பெயர்களும்கூட வேண்டாம்.

நெட்வொர்க் லைப்ரரிகளுக்கே உரிய இன்னொரு விஷயம், கமெண்டில் ஆர்எஃப்சியிலிருந்து மேற்கோள் காட்டுவது. மேற்கோளுக்குள் இருக்கும் பிழை மூலத்திலேயே இருக்கலாம், வெளியான ஆர்எஃப்சியை யாரும் திருத்துவதில்லை, பிழைப்பட்டியல் தனியாகத்தான் பதிவாகும். மூலத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள், கமெண்டில் படி எடுத்தபோது வந்த பிழை என்றால் மட்டும் திருத்துங்கள். அதே மேற்கோள்களில் மஸ்ட், ஷுட், மே போன்ற சொற்கள் முழுக்கப் பெரிய எழுத்தில் இருப்பது பார்க்க உறுத்தலாம். 1997-இன் ஆர்எஃப்சி 2119 அந்தச் சொற்களுக்குத் தனிப் பொருள் கொடுத்தது, பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தப் பொருள் என்று 2017-இன் ஆர்எஃப்சி 8174 தெளிவாக்கியது. சின்ன எழுத்துக்கு மாற்றினால் கட்டாய விதி ஒன்று வெறும் வாக்கியமாகிவிடும்.

கடைசியாக, கமெண்ட் போலத் தெரிந்தாலும் டூல்கள் படிக்கிற வரிகள் இருக்கின்றன. சி-யில் ஸ்விட்ச் கேஸின் முடிவில் ஃபால் த்ரூ (வேண்டுமென்றே அடுத்த கேஸுக்குள் போகிறது) என்று கமெண்ட் எழுதியிருப்பார்கள். 2017-இல் வந்த ஜிசிசி 7 முதல் கம்பைலரே அந்தக் கமெண்டைப் படித்து எச்சரிக்கையை நிறுத்திக்கொள்கிறது. அதைச் சுருக்கி எழுதிய வடிவத்தை எழுத்துப்பிழை என்று நினைத்து உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதினால், வடிவம் பொருந்தாமல் எச்சரிக்கை திரும்பி வரலாம், எச்சரிக்கையை எரராக எண்ணும் பில்டில் அதோடு எல்லாம் நின்றுவிடும். கோ மொழியில், சி கோடை அழைக்க உதவும் சிகோவைப் பயன்படுத்தும் ஃபைலில் இம்போர்ட்டுக்கு நேர் மேலே இருக்கும் கமெண்ட் உண்மையில் சி கோட். பைத்தானில் முதல் இரண்டு வரிக்குள் வரும் என்கோடிங் கமெண்டும், கோடில் குறை காட்டும் டூலான லின்ட்டரை அமைதிப்படுத்தும் கமெண்டுகளும் இதே வகைதான்.

வாக்கியம் உண்மையா என்று பாருங்கள்

எழுத்துப்பிழை இருக்கும் கமெண்ட் பெரும்பாலும் அவசரத்தில் எழுதியது, அவசரத்தில் எழுதியதில் தகவல் பிழையும் இருக்கலாம். டைம்அவுட் எந்த அலகில் என்று சொல்லும் கமெண்டில் மைக்ரோ செகண்ட்ஸ் என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று வையுங்கள். எழுத்தை மட்டும் சரிசெய்துவிட்டுப் போகாமல் கீழே என்ன நடக்கிறது என்று பாருங்கள். போல் என்ற சிஸ்டம் கால் மில்லி வினாடியில் கேட்கும், செலக்ட் எடுத்துக்கொள்ளும் ஸ்ட்ரக்ட்டில் வினாடியும் மைக்ரோ வினாடியும் இருக்கும். லிப்கர்லில் டைம்அவுட் ஆப்ஷன் வினாடியில், அதே பெயரின் பின்னால் எம்எஸ் சேர்ந்த ஆப்ஷன் மில்லி வினாடியில். ஒரு காலத்தில் செலக்ட்டில் இருந்த கோட் போலுக்கு மாறி, கமெண்ட் மட்டும் பழையபடி நின்றிருக்கலாம். அப்படி இருந்தால் நீங்கள் எழுத்தைத் திருத்தியதும் அந்தப் பொய்த் தகவல் புத்தம்புதிதாக, யாரோ சரிபார்த்தது போலத் தெரியும். பைட் ஆர்டரை (பைட்டுகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதை) பற்றிய கமெண்டுகளிலும் இதைப் பாருங்கள், ஒரு ஃபீல்டு நெட்வொர்க் ஆர்டரில் இருக்கிறதா ஹோஸ்ட் ஆர்டரிலா என்பது பக்கத்தில், நெட்வொர்க் ஆர்டரிலிருந்து ஹோஸ்ட் ஆர்டருக்கு மாற்றும் என்டிஓஎச்எஸ் அழைப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்படித் தகவல் பிழை கிடைத்தால் அதை எழுத்துப்பிழைத் திருத்தத்துக்குள் ஒளித்து வைக்காதீர்கள். தனியாகக் குறித்துக்கொண்டு, தனி இஷ்யூவாகவோ தனி கமிட்டாகவோ கொடுங்கள். அப்புறம், நன்றாக இருக்கும் வாக்கியத்தை உங்கள் நடைக்கு மாற்றி எழுதும் ஆசை வரும், அதைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

மாற்றியதைச் சரிபார்ப்பது

எடிட்டரில் சேமிக்கும்போது தானாக ஃபார்மட் செய்யும் வசதியையும், வரிக் கடைசி இடைவெளிகளை நீக்கும் வசதியையும் இந்த வேலைக்கு அணைத்து வையுங்கள். ஒரு எழுத்து மாற்றப் போய் நானூறு வரி மாறியதாக டிஃப் காட்டினால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். விண்டோஸில் வேலை செய்தால் வரி முடிவுக் குறியீடுகள் மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாற்றி முடித்ததும் கிட் டிஃப்பை ஸ்டாட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். சேர்த்த வரிகளும் நீக்கிய வரிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏதோ கூடுதலாக நடந்திருக்கிறது. பிறகு வேர்ட் டிஃப் ஆப்ஷனோடு பாருங்கள், எந்தச் சொல் எந்தச் சொல்லாக மாறியது என்று மட்டும் தெரியும், இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பார்வை இல்லை. செக் ஆப்ஷன் வெற்றிடத் தொல்லைகளைக் காட்டிவிடும்.

ஒரு எழுத்து சேர்ந்ததும் வரி நீளம் எல்லையைத் தாண்டலாம். கர்ல் திட்டம் ஒரு வரிக்கு 79 எழுத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, அதன் சோர்ஸ் சரிபார்ப்பு ஸ்கிரிப்ட் அதைப் பிடித்துவிடும். பாக்கெட் ஹெடரின் 32 பிட் கட்டங்களைக் கோடுகளாலும் கூட்டல் குறிகளாலும் வரைந்திருக்கும் கமெண்டுகளில், ஒரு கட்டத்துக்குள் எழுத்து கூடினால் வலதுபக்கக் கோடு முழுக்க நகர்ந்துவிடும், அந்த வரியில் ஒரு இடைவெளியைக் குறைத்து ஈடுகட்டுங்கள். பல வரி மேக்ரோக்களில் கடைசியில் வரிசையாக நிற்கும் பின்சாய்வுக்கோடுகளுக்கும் இதே கதிதான்.

கமெண்ட் மட்டும்தான் மாறியது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள சி-யில் அருமையான ஒரு வழி உண்டு. டீபக் தகவல் இல்லாமல் மாற்றத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் கம்பைல் செய்து ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒப்பிடுங்கள். வரி எண்ணிக்கை மாறாமல் இருந்து, கோடில் தேதி நேர மேக்ரோக்கள் இல்லாவிட்டால், இரண்டும் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருக்க வேண்டும். பைத்தானில் கோடின் அமைப்பைக் காட்டும் சின்டாக்ஸ் ட்ரீயை எடுத்து ஒப்பிடலாம், அதில் கமெண்ட் வராது. ஃபங்ஷனுக்கு விளக்கமாக எழுதும் டாக்ஸ்ட்ரிங் மட்டும் அதில் வரும், அதுவே டாக்ஸ்ட்ரிங் வெறும் கமெண்ட் இல்லை என்பதற்கு நல்ல நினைவூட்டல்.

கமிட்டும் புல் ரிக்வெஸ்ட்டும்

தலைப்பு ஐம்பது எழுத்துக்குள், எந்தப் பகுதியில் என்ன செய்தீர்கள் என்று சொன்னால் போதும். டிஎன்எஸ் ரிசால்வரின் கமெண்டுகளில் எழுத்துப்பிழைத் திருத்தம் என்பதை ஆங்கிலத்தில், அந்தத் திட்டத்தின் வழக்கமான முன்னொட்டோடு எழுதுங்கள். கீழே ஒரு வரியில் செயல்பாட்டில் மாற்றமில்லை என்று சேர்த்துவிடுங்கள், நோ ஃபங்ஷனல் சேஞ்ச் என்ற அந்த மூன்று சொல்லைப் பார்த்தாலே படிப்பவருக்கு எதை எதிர்பார்ப்பது என்று தெரியும். எந்த டூல் பயன்படுத்தினீர்கள் என்றும், அது காட்டியதில் எவற்றை ஏன் விட்டீர்கள் என்றும் சொன்னால் இன்னும் நல்லது. சைன்ட் ஆஃப் பை வரி கேட்கும் திட்டம் என்றால் கிட் கமிட்டின் எஸ் ஆப்ஷன் அதைச் சேர்த்துவிடும். அது வெறும் அலங்காரம் இல்லை, இந்த மாற்றத்தைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் உறுதி.

எவ்வளவு பெரிதாக அனுப்பலாம்? ஒரு பிழைக்கு ஒரு புல் ரிக்வெஸ்ட் என்று பத்து அனுப்புவது தொல்லை. ரெப்போ முழுக்க இருநூறு ஃபைலைத் தொடும் ஒரே புல் ரிக்வெஸ்ட்டும் தொல்லைதான், வேறொருவரின் திறந்திருக்கும் வேலையோடு அது மோதும், பழைய வெர்ஷனுக்கு ஒரு பாதுகாப்புத் திருத்தத்தைக் கொண்டுபோகும்போது சுற்றியிருக்கும் வரிகள் மாறியிருப்பதால் பேட்ச் ஒட்டாமல் போகும். ஒரு ஃபோல்டர் அல்லது ஒரு பகுதி, சில நிமிடத்தில் படித்து முடிக்கக்கூடிய அளவு, அதுதான் என் அளவுகோல். திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களை ஒரு பார்வை பார்த்து, பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கும் ஃபைல்களைத் தவிர்த்துவிடுங்கள்.

அனுப்பியதும் சிஐ, அதாவது தானாக நடக்கும் சரிபார்ப்பு, ஓடும். உங்கள் மாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத டெஸ்ட் தோற்றால் பதற வேண்டாம், முன்பு ஓட்டிப் பார்த்தீர்களே, அதோடு ஒப்பிட்டு ஒரு வரியில் சொல்லுங்கள். மெயின்டெய்னர் ஒரு திருத்தத்தை வேண்டாம் என்றால் காரணம் புரியாவிட்டால் கேளுங்கள், புரிந்தால் அதை எடுத்துவிடுங்கள். புதிய கமிட்டாகச் சேர்க்காமல் பழையதை அமெண்ட் செய்து (அதையே மாற்றி எழுதி), ஃபோர்ஸ் வித் லீஸ் ஆப்ஷனோடு புஷ் செய்வதைப் பல திட்டங்கள் விரும்பும், சில திட்டங்கள் மெர்ஜ் செய்யும்போது தாங்களே ஒன்றாக்கிக்கொள்ளும், கான்ட்ரிப்யூட்டிங் ஃபைலில் இதுவும் இருக்கும்.

பதிலே வராமலும் இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்துவிட்டு மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்குள் முதன்மை பிராஞ்ச் நகர்ந்திருந்தால் ரீபேஸ் செய்து (உங்கள் மாற்றத்தை அதன் புதிய நிலையின் மேல் வைத்து) கொடுங்கள். கோட்ஸ்பெல்லைச் சிஐ-யிலேயே சேர்த்துவிடலாமே என்ற யோசனை வந்தால், செய்து அனுப்புவதற்கு முன் இஷ்யூவில் கேட்டுப் பாருங்கள், பொய்ப் பிழைகளின் பட்டியலைக் காலத்துக்கும் பராமரிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். மெர்ஜ் ஆன பிறகு, படிக்கும்போது தனியாகக் குறித்து வைத்த பொய்யான கமெண்டுகள் இருக்கின்றன அல்லவா, அடுத்த புல் ரிக்வெஸ்ட்டை அதிலிருந்து தொடங்குங்கள்.